வெளிநாடு போகும் முன் நீலகிரிக் குடும்பங்கள் பார்க்க வேண்டிய கணக்கு

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று நீலகிரியில் எங்கே போனாலும் வெளிநாட்டுப் பேச்சு காதில் விழுகிறது. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போய்விடுகிறது. எஸ்டேட் வேலைக்குப் பிள்ளைகள் வர விரும்புவதில்லை. முன்பு கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனவர்களின் தம்பி தங்கைகள் இன்று துபாய், மலேசியா, கனடா, ஜெர்மனி என்று யோசிக்கிறார்கள்.

செய்திகளைப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. ஜெர்மனி நர்ஸ்களைக் கூப்பிடுகிறது என்கிறது ஒரு செய்தி. கனடா மாணவர் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டது என்கிறது இன்னொன்று. மியான்மரில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டார்கள் என்று வேறொரு செய்தி வருகிறது. எல்லாமே உண்மைதான். ஆனால் இவை வெவ்வேறு வகையான பயணங்களைப் பற்றியவை. எல்லாவற்றையும் ‘வெளிநாடு’ என்ற ஒரே பெயரில் போட்டுப் பேசுவதால்தான் முடிவெடுக்க முடியாமல் போகிறது.

சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. அங்கே எந்தச் சட்ட நிலையில் இருக்கப் போகிறோம், அந்த நிலை யார் கையில் இருக்கிறது, ஒத்துவராவிட்டால் திரும்பி வர என்ன விலை கொடுக்க வேண்டும் என்பவைதான் முதலில் தெரிய வேண்டியவை.

அங்கே உங்கள் நிலை என்ன?

ஒரு நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. சுருக்கமாக ஐந்து படிகள்:

1. விசிட் விசா. சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ மட்டும். வேலை செய்ய உரிமை இல்லை.

2. வேலை விசா. பெரும்பாலும் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம்.

3. மாணவர் விசா. படிப்புக்காக மட்டும். பகுதி நேர வேலைக்கு மணிக்கணக்கில் வரம்பு உண்டு. படித்து முடித்ததும் தங்கலாம் என்பது தனி அனுமதி. அது தானாகக் கிடைப்பதில்லை.

4. நிரந்தர வசிப்புரிமை. நம் ஆட்கள் பி.ஆர். என்பது இதைத்தான். முதலாளி யாராக இருந்தாலும் தங்கலாம். ஆனால் இதற்கும் நிபந்தனை உண்டு. கனடாவில் ஐந்து ஆண்டுகளில் 730 நாளாவது அந்நாட்டில் இருந்தால்தான் பி.ஆர். நிலைக்கும்.

5. குடியுரிமை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அப்புறம் ஓ.சி.ஐ. எனும் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை வாங்கி இங்கே வந்து தங்கலாம், வேலை பார்க்கலாம், வாக்களிக்க முடியாது.

வளைகுடா நாடுகளில் நம் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு நான்காவது, ஐந்தாவது படிகளே கிடையாது. இருபது ஆண்டு உழைத்தாலும் இரண்டாவது படியில்தான் நிற்பார்கள். அதனால் வளைகுடாவுக்குப் போவதைக் குடியேற்றம் என்று நினைக்கக் கூடாது. திரும்பி வந்தே ஆக வேண்டிய ஒரு வேலைக்காலம் அது. கனடா, ஆஸ்திரேலியா பயணத்தின் கணக்கு வேறு. முதல் சில ஆண்டுகள் செலவும் கஷ்டமும் அதிகம், பலன் மெதுவாகத்தான் வரும்.

இந்தப் படிகளின் அருமை நீலகிரிக்குத் தெரியாததல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே 1976இல் டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனம் ஆனது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகளில் பலர் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். ஒரு நாட்டில் எத்தனை காலம் உழைத்தோம் என்பதை வைத்து உரிமை வந்துவிடாது, எந்தக் காகிதத்தில் இருந்தோம் என்பதுதான் நிற்கும் என்பதைத் தாத்தா பாட்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்றால் என்ன?

வெளிநாட்டு வேலைக்குப் போவதை இந்தியாவில் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையில் வரும். அப்படிப்பட்டவர் சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. விண்ணப்பம் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக. வேலை ஒப்பந்தம், சம்பளம், காப்பீடு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஓரளவு பார்த்த பிறகே அனுமதி கிடைக்கும்.

பலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். ‘விசிட் விசாவில் போய் இறங்கு, அங்கே மாற்றிக்கொள்ளலாம், அனுமதியே வேண்டாம்’ என்று ஏஜென்ட் சொன்னால் நிம்மதியாகக்கூட இருக்கும். ஆனால் அந்த அனுமதி இல்லாமல் போகிறவரின் ஒப்பந்தம் எந்த அரசுப் பதிவிலும் இருக்காது. சம்பளம் வராவிட்டால் தூதரகத்தில் காட்ட ஒரு தாளும் இருக்காது.

படித்தவர்களுக்கு ஆபத்து இன்னொரு வகையில் வருகிறது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். குறிப்பு இருக்காது, அரசு யாரும் அவருடைய ஒப்பந்தத்தைப் பார்க்க மாட்டார்கள். 2022இல் பெரிதாக வெளிவந்த மியான்மர் விவகாரத்தில் சிக்கியவர்கள் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியாவடி பகுதிக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அரசின் சோதனை இல்லாதவர் அந்தச் சோதனையைத் தானே செய்துகொள்ள வேண்டும். பட்டதாரிப் பிள்ளை, விவரம் தெரிந்தவன் என்று பெற்றோர் இதை விட்டுவிடக் கூடாது.

நர்ஸ்கள் மட்டும் விதிவிலக்கு. எவ்வளவு படித்திருந்தாலும் அந்த 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் 30 வயதுக்குக் கீழே அந்நாடுகளுக்குப் போக முடியாது.

ஏஜென்ட் விஷயத்தில் பார்க்க வேண்டியவை:

1. பதிவு. இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் உள்ள பதிவு எண்ணை அதில் தேடிப் பாருங்கள். ‘நான் அந்த ஏஜென்சியின் ஆள்’ என்று சொல்பவர் பதிவு பெற்றவர் ஆகமாட்டார்; மலைக்கு மேலே வந்து ஆள் சேர்ப்பவர்களில் பலர் இப்படிப்பட்ட துணை ஏஜென்டுகள்தான்.

2. கட்டணம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; மொத்தம் ரூ.35,400. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் அது சட்டப்படியான கட்டணம் ஆகாது. பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

3. காப்பீடு. பிரவாசி பாரதீய பீமா யோஜனா, 2 ஆண்டுக்கு ரூ.275, 3 ஆண்டுக்கு ரூ.375. விபத்தில் மரணம் அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால் ரூ.10 லட்சம் வரை. இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்களுக்குக் கட்டாயம்.

4. மாற்று வழி. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அங்கே அதே வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று பார்ப்பதில் நஷ்டம் ஏதுமில்லை.

பெயரும் சான்றிதழும்

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டவர்கள் உண்டு. 2022 நவம்பரில் அமீரகம், ஒரே பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது இப்படிப்பட்ட பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்குச் சிக்கல் வந்தது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் தகப்பனார் பெயர் ஒரே எழுத்துக் கூட்டலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களில் பழைய ஆவணத்தில் ஒரு பெயர், இங்கே வந்து எடுத்த ரேஷன் கார்டில் வேறு பெயர் என்று இருப்பது சாதாரணம். இதைத் திருத்த மாதக் கணக்கில் ஆகும். விசா வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

சான்றிதழ்களை வெளிநாடு ஏற்க இரண்டு வழி. ஆவணங்களை ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு அபோஸ்டில் என்ற நம் வெளியுறவு அமைச்சக முத்திரை போதும். சவூதி 2022 டிசம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் இந்த வழிக்கு வந்துவிட்டன. அமீரகம், குவைத், கத்தார் போன்றவற்றுக்கு அந்தந்தத் தூதரகத்தின் அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்) வேண்டும். எதற்காகவும் அசல் சான்றிதழை ஏஜென்டிடம் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று விட்டுவைக்காதீர்கள்.

சம்பளத்தை எப்படிப் படிப்பது?

சரி, இப்போது சம்பளம். ஒப்பந்தத்தில் ‘மாதம் 2,000 திர்ஹம்’ என்று இருந்தால், அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமீரகச் சட்டப்படி ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் என்று பணிக்கொடை உண்டு. அடிப்படை 800, படி 1,200 என்று எழுதியிருந்தால் ஆண்டுக்குப் பணிக்கொடை 560 திர்ஹம். அடிப்படை 1,600, படி 400 என்றால் அதே மொத்தச் சம்பளத்துக்கு 1,120 திர்ஹம். ஐந்து ஆண்டு முடிவில் ஒருவர் 2,800 வாங்குவார், மற்றவர் 5,600 வாங்குவார். கையில் வாங்கும் சம்பளத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அடுத்தது கடன். ஏஜென்டுக்கும் டிக்கெட்டுக்கும் சேர்த்து ஒருவர் ரூ.2 லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாத வட்டி மட்டும் ரூ.6,000. சம்பளம் 1,200 திர்ஹம், சாப்பாடு, போன், சோப்பு எல்லாம் போக 700 மிச்சம். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் ரூ.16,100. வீட்டுச் செலவுக்கு ரூ.6,000 போனால் கடனுக்கு ரூ.10,100. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். அப்படியும் கடன் தீர ஏறக்குறைய 30 மாதம் ஆகும். விசாவோ இரண்டு ஆண்டுக்கு. அதாவது முதல் ஒப்பந்தம் முழுவதையும் அவர் வட்டிக்காரருக்காக வேலை செய்கிறார். நடுவில் உடம்பு சரியில்லாமல் திரும்பினால் கடன் இங்கே காத்திருக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்த பிறகும் போகலாம் என்று தோன்றினால் தைரியமாகப் போகலாம். போட்டுப் பார்க்காமல் போகிறவர்களை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

உடம்பும் இதில் சேரும். 2,000 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர் போட்டு வளர்ந்தவர் 45 டிகிரி வெயிலில் கட்டட வேலைக்குப் போகிறார். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் திறந்தவெளி வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3.30 வரை. இந்த நேரத்தில் வேலை செய்யச் சொன்னால் மறுக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போகட்டும். முடிந்தால் முதல் பயணத்தை வெயில் தணிந்த அக்டோபருக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் தவறு. அது சட்டப்படி இந்திய அரசின் சொத்து.

விதிகள் நடுவழியில் மாறும்

படிக்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம். கனடாவில் மாணவர் தன் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை நீண்ட காலம் 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது 20,635 டாலர் ஆனது. அதே மாதம் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பும் வந்தது. பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாமல் போனது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. முந்தைய ஆண்டு போனவர் அனுபவம் இந்த ஆண்டு போகிறவருக்குப் பொருந்தாது. விண்ணப்பிக்கும் நாளில் அந்நாட்டு அரசின் தளத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி. படித்து முடித்ததும் வேலை கிடைத்துவிடும், அதில் கடனைக் கட்டிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், அங்கே வேலை கிடைக்காமல் இந்தியச் சம்பளத்தில் அந்தக் கடனைக் கட்ட முடியுமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலம், லைன் வீடு, பட்டா

மற்ற மாவட்டத்தாருக்கு இல்லாத சிக்கல்கள் மலையில் உண்டு.

முதலாவது, தேயிலை நிலம். வேலைக்காக வெளிநாடு போய்த் தங்கிவிட்டவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிறார். அப்படி ஆன பிறகு அவர் இந்தியாவில் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலமோ தோட்ட நிலமோ விலைக்கு வாங்க முடியாது. போவதற்கு முன் சொந்தமாக இருந்ததை வைத்துக்கொள்ளலாம், பெற்றோரிடமிருந்து வாரிசாகவும் பெறலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். துபாயில் சம்பாதித்துப் பக்கத்து இரண்டு ஏக்கர் தேயிலையை வாங்கிப் போடலாம் என்ற கனவு, அங்கே இருந்துகொண்டே நிறைவேறாது. கூட்டுப் பட்டாவில் பங்கு உள்ளவர்கள் பாகப்பிரிவினையை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பதானால் எல்லா அதிகாரமும் கொண்ட பொது பவர் வேண்டாம். தேயிலை பறிக்க, கவாத்து செய்ய, ஃபேக்டரியில் பணம் வாங்க என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

இரண்டாவது, லைன் வீடு. எஸ்டேட் வீடு வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒருவராவது பெயர்ப் பதிவுள்ள தொழிலாளியாக இருக்கும் வரைதான் அந்தக் கூரை. மகன் வெளிநாட்டில், மகள் கோவையில், அம்மாவுக்கு இன்னும் மூன்று ஆண்டில் ஓய்வு என்றால், வெளிநாட்டுச் சம்பளத்தின் முதல் வேலை அம்மாவுக்கு ஒரு வீடு என்று ஆகிறது. போவதற்கு முன் போடும் கணக்கிலேயே அந்தத் தொகை இருக்க வேண்டும். மலையில் வீடு கட்ட அனுமதி வாங்குவது சமவெளியைவிடக் கடினம்; அதற்கான காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கூடலூர், பந்தலூர் பகுதியில் ‘செக்‌ஷன் 17’ நிலத்தில் குடியிருப்பவர்கள். 1969ஆம் ஆண்டு ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய இந்த நிலங்களுக்குப் பட்டா இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு ரூ.7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் கேட்டால் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்கும். மூன்று தலைமுறையாக அனுபவிக்கும் நிலம் இருந்தும் ஈடு காட்ட ஒன்றும் இருக்காது. அப்போதுதான் வட்டிக்காரரிடம் போகிறார்கள். இந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்புக்கான நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே செலவு குறைந்த நாட்டைப் பார்ப்பது நல்லது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கான பணம்தான் காட்ட வேண்டும்.

கிளம்பும் முன் வீட்டில் முடிக்க வேண்டியவை

1. வங்கிக் கணக்கு. சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. (வெளிநாடு வாழ்வோரின் இந்திய வருமானத்துக்கான) கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறக்கலாம். அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை.

2. நகல்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், முதலாளியின் முகவரி, தங்குமிடத்தின் முகவரி ஆகியவற்றின் நகல் வீட்டில் இருவரிடமாவது இருக்கட்டும். ஏதாவது நேர்ந்து, தூதரகத்திடம் மதத் என்ற இணையதளம் வழியாகக் குடும்பத்தார் புகார் கொடுக்கும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான்.

3. வயதானவர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால், கோவை மருத்துவமனைக்கு யார், எந்த வழியாகக் கூட்டிப்போவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து அவசரமாக வர, கூடலூர்ப் பக்கத்தார் கோழிக்கோடு விமான நிலையத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அவசரமாகத் திரும்ப ஒரு டிக்கெட்டுக்கான பணம் செலவழிக்கப்படாமல் தனியாக இருக்க வேண்டும்.

4. பயிற்சி. வேலைக்குப் போகிறவர்களுக்கு மத்திய வெளியுறவு அமைச்சகம் ஒரு நாள் பயணத்துக்கு முந்தைய பயிற்சியை இலவசமாக நடத்துகிறது. அந்நாட்டுச் சட்டம், சம்பளப் புகார் கொடுக்கும் முறை, தூதரகத் தொடர்பு எல்லாம் அதில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கிப் போய்வர ஒரு நாள் கூலி போகும் என்று தவிர்க்க வேண்டாம். சம்பளம் நின்றுபோனால் எந்த அலுவலகத்தில், எந்தத் தாளோடு போய் நிற்பது என்பதை அங்கேதான் சொல்வார்கள்.